ஐம்பது வருடக் கைத்தட்டல்: நட்சத்திர மோகம் எப்படி வேலை செய்கிறது?

2025 ஆகஸ்ட் 14. ரஜினிகாந்த் நடித்த 'கூலி' வெளியான நாள். அவருக்கு அப்போது வயது 74. அதற்கு ஐம்பது வருடம் முன்பு, 1975 ஆகஸ்டில், கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஒரு வீட்டு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு தமிழ் சினிமாவுக்குள் வந்தவர். அந்தப் படத்தை அன்று தியேட்டரில் பார்த்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் எந்த டீக்கடையில் நின்றாலும் மூன்று பேச்சு காதில் விழுந்தது. "எல்லாம் கம்பெனிக்காரன் காசு கொடுத்துப் பண்றது" என்பார் ஒருவர். "வேலைவெட்டி இல்லாத பசங்க" என்பார் அடுத்தவர். "இந்தக் கூட்டம் அப்படியே ஓட்டா விழுந்திருந்தா எங்கயோ போயிருப்பாரு" என்பார் மூன்றாமவர். நட்சத்திர மோகத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் வண்டியின் ஒரு சக்கரத்தைப் பார்த்துவிட்டு அதுதான் வண்டி என்கிறார்கள்.

ரசிகர் வேறு, பொதுப் பார்வையாளர் வேறு, சினிமா வியாபாரம் வேறு. மூன்றும் ஒரே நாளில் ஒரே வாசலில் வந்து நிற்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிது. ரஜினியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு நீண்ட காலத்துக்கு இது நடந்ததைப் பார்க்க நமக்கு வேறு ஆள் இல்லை.

மொய் எழுதுவதும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதும்

ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். மொய் எழுதுகிறோம். சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததா என்று பார்த்தா மொய்த் தொகையை முடிவு செய்கிறோம்? இல்லை. அது வீட்டிலிருந்து கிளம்பும்போதே கவரில் போட்டாகிவிட்டது. அந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் இருக்கிற உறவுதான் அந்தத் தொகை. சாப்பாடு எப்படி இருந்தது என்பது திரும்பி வரும்போது பேருந்தில் பேசுகிற பேச்சு. அந்தப் பேச்சும் முக்கியம்தான். ஆனால் அது மொய்யை மாற்றாது.

சினிமாவில் இந்த மொய்க்குப் பெயர் ஓப்பனிங். படம் வெளியாகி முதல் இரண்டு மூன்று நாட்களில், அதாவது படம் எப்படி இருக்கிறது என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவுவதற்கு முன்னால், வந்து சேரும் கூட்டமும் வசூலும்தான் ஓப்பனிங். அது படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. இதற்கு முந்தைய படங்களில் சேர்த்துவைத்த உறவுக்குக் கிடைத்த மரியாதை. பேருந்தில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதுதான் படத்தின் ஓட்டத்தை முடிவு செய்யும். திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தியேட்டர்காரர்கள் பார்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான். ஞாயிறு வரைக்கும் மொய். திங்களிலிருந்து சாப்பாடு.

நட்சத்திரம் என்ற சொல்லுக்கு வியாபாரத்தில் இருக்கும் அர்த்தமும் இதிலிருந்தே வருகிறது. நல்ல நடிகர் என்றால் நன்றாக நடிப்பவர். நட்சத்திரம் என்றால் கதை, இயக்குநர் எதுவும் தெரியாமலேயே முதல் நாள் அரங்கை நிறைப்பவர். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு தகுதிகள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கமாக வைத்துக்கொள்வோம்: முதல் மூன்று நாள் கூட்டம் நட்சத்திரத்துக்கானது, அதற்குப் பிறகு வருவது படத்துக்கானது. "முதல் நாள் ஹவுஸ்ஃபுல், அப்புறம் எப்படி ஃபிளாப்?" என்று குழம்புகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.

பூப் பார்த்து எடுக்கும் குத்தகை

மாந்தோப்புக் குத்தகை தெரியும் அல்லவா. மரம் பூவெடுத்திருக்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்ப்பார். எவ்வளவு காய் பிடிக்கும் என்று ஒரு மதிப்புப் போட்டு, தோட்டக்காரருக்கு முழுப் பணமோ பாதிப் பணமோ கொடுத்துவிடுவார். அப்புறம் மழை அடித்துப் பூ கொட்டினால் நஷ்டம் அவருடையது. நன்றாகக் காய்த்தால் லாபமும் அவருடையது.

தமிழ் சினிமா நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. தயாரிப்பாளரிடம் படத்தை வாங்கி ஒரு பகுதியிலுள்ள தியேட்டர்களுக்குக் கொடுப்பவர் விநியோகஸ்தர். தமிழ்நாட்டை அவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி தஞ்சாவூர், மதுரை ராமநாதபுரம், நெல்லை குமரி. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தருகிறேன் என்று வெளியீட்டுக்கு முன்னாலேயே ஒரு தொகை பேசுவார்கள். அதற்கு மினிமம் கியாரண்டி என்று பெயர். வியாபாரத்தில் எம்.ஜி. என்பார்கள். புதியவர்கள் இதைக் கேட்டு எம்.ஜி.ஆரை நினைத்துக்கொள்வது உண்டு.

இந்த முறையில் ஒரு நட்சத்திரம் என்பவர் பழகின மரம். போன வருடம் எவ்வளவு காய்த்தது, அதற்கு முந்தின வருடம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். புது ஹீரோ புதுக் கன்று. நன்றாகக் காய்க்கலாம், காய்க்காமலும் போகலாம். கோடிக்கணக்கில் வட்டிக்கு வாங்கிப் போடுகிறவருக்கு எது நிம்மதி? எழுபது வயதைத் தாண்டிய ஒரு நடிகருக்கு இன்றும் பெரிய கம்பெனிகள் வரிசையில் நிற்பதற்கு பக்தி காரணமில்லை. நிச்சயமில்லாத ஒரு தொழிலில் ஓரளவு நிச்சயமானது அந்த முதல் மூன்று நாள்தான்.

மழை அடித்த வருடங்களும் உண்டு. 2002-ல் 'பாபா' எதிர்பார்த்தபடி போகவில்லை. விநியோகஸ்தர்களின் நஷ்டத்தில் ஒரு பகுதியை ரஜினி திருப்பிக் கொடுத்தார். 2014 டிசம்பரில் வந்த 'லிங்கா'வுக்கும் விநியோகஸ்தர்கள் போராட்டம் வரைக்கும் போய், கடைசியில் ஒரு தொகை பேசித் தீர்க்கப்பட்டது. ஒப்பந்தத்தை மட்டும் பார்த்தால் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் குத்தகைக்காரன் அடியோடு நொடிந்துபோனால் அடுத்த வருடம் பூப் பார்க்க யார் வருவார்கள்?

போஸ்டரில் போடும் கோடிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்வையாளர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம் கிராஸ். அதிலிருந்து ஜிஎஸ்டியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் போகும். மிச்சத்தைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். விநியோகஸ்தருக்கு வருவது ஷேர். ஒரு கணக்குக்கு, டிக்கெட் 100 ரூபாய், வரி போக 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் நூற்றுக்கு அறுபது விநியோகஸ்தருக்கு என்று பேசியிருந்தால் அவருக்கு 48, தியேட்டருக்கு 32. அந்த 48-லிருந்துதான் அவர் போட்ட பணத்தை எடுக்கவேண்டும். 2023-ல் வந்த 'ஜெயிலர்' உலகம் முழுக்க 600 கோடி அளவில் வசூலித்தது என்று வியாபார வட்டாரத்தில் மதிப்பிட்டார்கள். அது கிராஸ். அதை அப்படியே லாபம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு ரசிகர் கூட்டம் இரவெல்லாம் சண்டை போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இந்த 100 ரூபாய்க் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

பேனரின் அடிவரிசை

இனி ரசிகர் பக்கம் வருவோம். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். 1992-ல் 'அண்ணாமலை' வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. கடையின் பலகைக்கு மேலே இன்னொரு பலகை இருக்கும், கிளை மன்றத்தின் பெயரும் எண்ணும் எழுதியது. புதுப் படம் வருவதற்கு முந்தின இரவு அந்தக் கடையில் பஞ்சர் வேலை எல்லாம் நின்றுவிடும். ஒரு வாளியில் மைதாப் பசை காய்ச்சுவார்கள். தோரணம் ஒட்டக் காகிதத்தை மடித்து வெட்டுவார்கள். மறுநாள் முதல் காட்சிக்குத் தியேட்டரிலிருந்து மொத்தமாக வாங்கிய டிக்கெட்டுகளை மேசை மேல் வைத்து யார் யாருக்கு எத்தனை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவார்கள். நான் சின்னப் பையன். தோரணம் ஒட்டக் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பேன்.

அந்த இரவுகளில் நான் பார்த்தது பேனரின் அடிவரிசை. மேலே தலைவர் படம், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. கீழே கடைசி வரிசையில் பாஸ்போர்ட் அளவில் பத்துப் பதினைந்து முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர். சைக்கிள் கடை, பாத்திரப் பட்டறை, லாரி கிளீனர், ஜவுளிக்கடைப் பையன். இவர்களில் யார் பெயரும் கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதிலும் அச்சில் வந்ததில்லை. அண்ணன் எழுத்துக்கூட்டிப் பார்த்து, ஒருவர் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது என்று அச்சகத்துக்கு இரவு பத்து மணிக்கு ஆள் அனுப்பினார். "தலைவர் படத்துல எங்கயாச்சும் மை கொட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லடா தம்பி. இவன் பேரு தப்பா வந்தா நாளைக்கு அவங்க அம்மா வந்து நிக்கும்" என்றார்.

ரசிகர் மன்றம் என்றால் இதுதான். நட்சத்திரத்தின் பெயரில் நடக்கும் ஒரு தெரு அமைப்பு. அதற்குக் கிளை, ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று படிநிலை உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி உண்டு. ரத்ததானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, டிசம்பர் 12 பிறந்தநாளுக்கு அன்னதானம் என்று வருடம் முழுக்க வேலை உண்டு. படம் வருவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மன்றம் இருப்பது தினமும். காலையில் அதிகாரி திட்டினாலும் முதலாளி திட்டினாலும், மாலையில் 'செயலாளரே' என்று கூப்பிட நான்கு பேர் இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. நட்சத்திரம் இவர்களுக்கு எதையும் நேரடியாகத் தருவதில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி இவர்கள் ஒருவருக்கொருவர் நிறையத் தந்துகொள்கிறார்கள்.

எல்லா ஊரிலும் மன்றம் சாதியைத் தாண்டி நின்றது என்று சொல்லமாட்டேன். தெருவுக்கு ஒரு மன்றம் என்றால் பல ஊர்களில் சாதிக்கு ஒரு மன்றம் என்றுதான் அர்த்தம். பெண்களுக்கும் அங்கே இடம் இருந்ததில்லை. என் அம்மாவும் சித்திகளும் ரஜினி படம் என்றால் உயிரை விடுவார்கள். அவர்கள் பார்த்தது இரண்டாவது வாரத்து மதியக் காட்சி, அப்புறம் தொலைக்காட்சி. ரசிகர் என்ற சொல்லைக் கேட்டதும் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் இளைஞன் மட்டும் நம் கண்ணில் வருவதால் இந்தப் பாதிப் பேரைக் கணக்கில் விட்டுவிடுகிறோம்.

முதல் காட்சியில் நடப்பது என்ன

ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்துவதைப் பார்த்துப் பைத்தியம் என்பது சுலபம். தேர் இழுத்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரியும். தனியாக நின்று வடத்தைத் தொட்டால் அது வெறும் கயிறு. ஐநூறு பேர் பிடித்து, ஒரு குரல் எழும்பி, சக்கரம் ஒரு சாண் நகரும்போது உடம்பில் ஓடுகிற சிலிர்ப்பு வேறு. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912-லேயே இதைப் பற்றி எழுதினார். பலர் கூடி ஒன்றையே செய்யும்போது தனி ஆளுக்குக் கிடைக்காத ஒரு பரவசம் எல்லோருக்கும் ஏறுகிறது என்றார். அதைக் கூட்டுக் களிப்பு என்று சொல்லலாம்.

'அண்ணாமலை'யில்தான் அந்த 'சூப்பர் ஸ்டார்' தலைப்பு அட்டை முதலில் வந்தது. இருட்டில் ஒவ்வொரு எழுத்தாக விளக்குப் புள்ளிகளில் எரிந்துகொண்டே வரும். பட்டத்தின் வயது அதைவிடப் பெரியது. 1978-ல் 'பைரவி' படத்தைச் சென்னையில் வெளியிட்ட கலைப்புலி எஸ். தாணு விளம்பரத்தில் போட்டது அது. அதே தாணு 2016-ல் 'கபாலி'யைத் தயாரித்தார். அந்தத் தலைப்பு அட்டை செய்கிற வேலை என்ன என்று பாருங்கள். எழுத்துக்கு எழுத்து சத்தம் கூடுவதற்கு நேரம் கொடுக்கிறது. ஊர்வலத்தில் தவில்காரர் காலத்தை மெல்ல மெல்ல ஏற்றுவதுபோல. கடைசி எழுத்து வரும்போது அரங்கில் யாருக்கும் யார் சத்தமும் தனியாகக் கேட்காது.

அண்ணனிடம் ஒருமுறை படம் எப்படி என்று கேட்டேன். "படம் நல்லா இருக்கா இல்லையான்னு ரெண்டாவது தடவை பாக்கும்போதுதான்டா தம்பி தெரியும். முதல் தடவை படமா பாக்குறோம்?" என்றார். இதற்குமேல் துர்க்கைமும் விளக்கமுடியாது.

இன்னொரு சொல்லும் தெரிந்திருப்பது நல்லது. ஒருவழி நெருக்கம். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தொலைக்காட்சி வந்த புதிதில், 1956-ல், இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் அடிக்கடி பார்க்கும் ஒருவர் நமக்குப் பழகினவர்போல் ஆகிவிடுகிறார். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. 2011-ல் ரஜினி உடல்நலமில்லாமல் மருத்துவமனையில் இருந்து, பிறகு சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப்பட்டபோது ஊர் ஊராக வேண்டுதல் நடந்தது. மண்சோறு சாப்பிட்டவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இவர்களுக்குத் திரைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். அப்படியில்லை. அவர் பொது இடங்களுக்கு வழுக்கைத் தலையும் நரைத்த தாடியுமாகத்தான் வருகிறார். விக் வைத்து மறைப்பதில்லை. திரையில் கோதும் முடி ஒப்பனை என்பது ஒவ்வொரு ரசிகருக்கும் தெரியும். தெரிந்தும்தான் கை தட்டுகிறார்கள். கூத்தில் கட்டை கட்டி வந்து நிற்கிற அர்ச்சுனன் பகலில் பக்கத்து ஊர் விவசாயி என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

ஆக, மன்றம் ஓர் இடத்தைத் தருகிறது. முதல் காட்சி ஒரு பரவசத்தைத் தருகிறது. திரை ஒரு நெருக்கத்தைத் தருகிறது. மூன்றும் சேர்ந்ததைத்தான் பக்தி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்.

ஹைப் காசு கொடுத்து வாங்கக்கூடியதா?

பாதி வாங்கலாம். ஹைப் என்பது படம் வருவதற்கு முன்னால் எழுப்பப்படும் எதிர்பார்ப்பு. தலைப்பு அறிவிப்பு, முதல் பார்வை, பாடல் ஒவ்வொன்றாக, பிறகு மேடை நிகழ்ச்சி, முன்னோட்டம் என்று வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பார்கள். 'கபாலி'க்கு ஏர்ஏசியா விமானம் ஒன்றின் உடம்பிலேயே ரஜினி படம் வரைந்து பறக்கவிட்டார்கள். 'ஜெயிலர்' வந்த அன்று சென்னையிலும் பெங்களூரிலும் சில அலுவலகங்கள் விடுமுறை அறிவித்தன. அதுவும் விளம்பரம்தான், அந்த அலுவலகத்துக்கும் சேர்த்து.

விளம்பரம் தீயை மூட்டாது, காற்று வீசும். அடுப்பில் கங்கு இருந்தால்தான் ஊதினால் பற்றும். இதே விமானத்தில் யாரென்று தெரியாத ஒருவர் படத்தை வரைந்திருந்தால் விமான நிலையத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

முன்பைவிட இப்போது சத்தம் பெரிதாகக் கேட்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் பிரிண்ட் போடுவார்கள். பெட்டி ஊருக்கு வந்து சேருவதே ஒரு திருவிழா, மேளம் வைத்து வரவேற்பார்கள். படம் நூறு நாள், வெள்ளிவிழா என்று நின்று ஓடும். 2005-ல் வந்த 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. டிஜிட்டல் வந்த பிறகு ஒரே காலையில் எல்லா ஊரிலும் எல்லாத் திரையிலும் அதே படம். மூன்று மாதத்தில் வந்த கூட்டம் மூன்று நாளில் வந்தாக வேண்டும். நான்கு வாரத்தில் கைபேசியிலும் வந்துவிடும். அதனால் மொத்த ஆர்ப்பாட்டமும் முதல் வாரத்துக்குள் அமுக்கப்படுகிறது.

வயது ஏன் குறுக்கே நிற்கவில்லை?

எல்லா நட்சத்திரத்துக்கும் இப்படி நடப்பதில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட படம். அவர் சிகை அலங்காரத்தைப் பார்த்து ஊரே முடி வளர்த்த காலம் அது. அதே ஆண்டு லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் விடுதலையாகி வெளியே வந்தார். வந்து நடித்த படங்கள் பழையபடி ஓடவில்லை. குரல் அதே குரல்தான். ஆனால் இடையில் ஒரு தலைமுறை வேறு பேச்சு, வேறு வசனம், வேறு ரசனை என்று போய்விட்டது. 1959-ல் 49 வயதில் இறந்தார். ரஜினி தன் 49-வது வயதைத் தொடுவதற்குச் சில மாதம் முன்னால்தான் 'படையப்பா' வந்தது.

வித்தியாசம் எங்கே என்றால், ரஜினி ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்கு விடுபடாமல் மாறிக்கொண்டே இருந்தார். தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தன. 'பாட்ஷா'வும் 'முத்து'வும் விடுமுறை நாள் மதியங்களில் வீட்டுக்கே வந்தன. 1995-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தப் படங்களைத் தியேட்டரில் பார்க்கவே இல்லை. சோறு ஊட்டும்போது பார்த்தார்கள். அதனால் அவர்களுக்கு அவர் சினிமா நடிகர் மட்டுமில்லை, வீட்டு ஞாபகம். 1998-ல் 'முத்து' டோக்கியோவில் ஓடியதும் ஜப்பானில் புதிதாக ஒரு ரசிகர் கூட்டம் உருவானதும் தனிக் கதை. 2006-ல் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசிய மன்மோகன் சிங் அதைக் குறிப்பிடும் அளவுக்கு அது பேசப்பட்டது.

இரண்டாவது, படங்கள் அவரை வயதாக விட்டன. 'கபாலி'யில் நரைத்த தாடி. 'ஜெயிலர்'ரில் ஓய்வுபெற்ற சிறை அதிகாரி, பேரனோடு விளையாடும் தாத்தா. அதிலும் பல காட்சிகளில் அவர் நடந்துவந்தாலே போதும், சுற்றி இருக்கும் இசையும் கேமராவும் மற்றவர்களும் வேகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நாற்பது வருடமாகச் சேர்ந்த ஞாபகம் பார்ப்பவரிடம் இருப்பதால் பாதி நடிப்பை அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ஓர் ஏக்கமும் உண்டு. 1978-ல் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்தில் காளியாக நடித்த ஆளுக்கு, இந்த வயதில் அதுபோல ஒரு முழுக் கதாபாத்திரம் கிடைத்திருக்கலாம். முதல் மூன்று நாள் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. மரம் வேறு பழம் காய்த்தால் குத்தகைக்காரர் பயப்படுகிறார்.

கூட்டம் ஓட்டாகுமா?

ஆன கதை ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் கட்சி தொடங்கி 1977-ல் முதலமைச்சரானார். ஆனால் அவர் மன்றங்கள் அதற்கு முன்பே பல வருடம் திமுக மேடைகளிலும் தேர்தல் வேலையிலும் பழகியவை. வாக்குச்சாவடியில் உட்காரத் தெரிந்தவர்கள். சிவாஜி கணேசனுக்கு ரசிகர்கள் குறைவா? 1988-ல் தனிக்கட்சி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாறில் தானே தோற்றார்.

ரஜினிக்கும் அப்படித்தான். 1996-ல் திமுக, தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணிக்கு அவர் குரல் கொடுத்தார், அது வென்றது. ஆட்சி மீது மக்களுக்கு ஏற்கெனவே கோபம் இருந்த தேர்தல் அது. 2004-ல் பாமகவை எதிர்த்து ரசிகர்கள் வேலை செய்வார்கள் என்று அறிவித்தார். பாமக போட்டியிட்ட இடங்களிலெல்லாம் ஜெயித்தது. கைத்தட்ட வருபவர் தன் சாதி, ஊர்ப் பிரச்சினை, விலைவாசி எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறார். ஓட்டுப்போடப் போகும்போது அவற்றை மறுபடி போட்டுக்கொண்டுதான் போகிறார். 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாகச் சொன்ன ரஜினி, 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலையைக் காரணம் சொல்லி வரவில்லை என்றார். அந்த மூன்று வருடம் பூத் கமிட்டி போட்டு, கைக்காசைச் செலவழித்து அலைந்த மன்றத்துக்காரர்கள் பலர். அவர்களின் வலியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். ஒருவழி நெருக்கத்தில் கேள்வி கேட்க எதிர்ப்பக்கம் ஆள் கிடையாது.

விலை

2025-ல் சென்னை மல்டிபிளெக்ஸில் 190 ரூபாயை ஒட்டிய டிக்கெட், முதல் காட்சிக்கு வெளியே ஆயிரம், இரண்டாயிரம் என்று கைமாறியது. அரசு உச்சவரம்பு வைத்திருப்பது காகிதத்தில் இருக்கிறது. தினக்கூலிக்குப் போகும் பையனுக்கு அது மூன்று நாள் சம்பளம். இதை ரசிகனின் முட்டாள்தனம் என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணம் எந்தக் கைகளுக்குப் போகிறது என்று கேட்பதுதான் சரி.

உயிரும் போயிருக்கிறது. 2023 பொங்கலுக்கு வேறு இரண்டு பெரிய நடிகர்களின் படங்கள் ஒரே நாளில் வந்தபோது, சென்னை கோயம்பேடு அருகே நகரும் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் விடிகாலைக் காட்சிகள் நின்றன. பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணி என்றானது. 'ஜெயிலர்' நேரத்தில் எல்லையோர ஊர்க்காரர்கள் பேருந்து பிடித்துக் கேரளத்துக்கும் பெங்களூருக்கும் போய் விடிகாலைக் காட்சி பார்த்துவிட்டு வந்தார்கள். 9 மணி ஏற்பாடு நல்ல ஏற்பாடு. தூக்கம் கெட்ட கூட்டமும் இருட்டும் நெரிசலும் சேராமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும். நடிகர்களும் நேரடியாகச் சொன்னால் ரசிகர்கள் கேட்கிறார்கள். 2011-ல் அஜித் தன் மன்றங்களைக் கலைத்தார். அவருடைய ஓப்பனிங் குறையவில்லை. மன்றம் என்ற அமைப்பு இல்லாமலும் மோகம் இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இப்போது டிக்கெட் எல்லாம் கைபேசியில். நோட்டுப் புத்தகமும் மைதாப் பசையும் போய்விட்டன. சைக்கிள் கடை இருசக்கர வண்டிப் பட்டறையாகி, அண்ணனுக்கு 51 வயது. 'கூலி'க்கு அவர் மகன் ஆன்லைனில் மூன்று டிக்கெட் போட்டிருந்தான், அவருக்கு, தனக்கு, எனக்கு. முழங்கால் வலிக்கு ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுத்திருந்தான். விளக்கு அணைந்தது. இருட்டில் முதல் எழுத்து எரிந்ததும், முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அண்ணன் மெல்ல எழுந்து நின்றார். மகன் திரையைப் பார்க்கவில்லை. அப்பா விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவர் விசில் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.